பழைய பிளேனர் – புதுப்பிப்பு

போன மாசம் வாங்கின துருப்பிடிச்ச 9 இன்ச் பிளேனர் (மரப்பலகைய இழைக்கிற மெஷின்) அதிருது, பலகையோட கடைசில குழி விழுதுன்னு கேட்டிருந்தேன்ல, ரெண்டும் சரியாயிடுச்சுங்க! அதிர்வுக்குக் காரணம் பேரிங்தான், 6205 நம்பர் பேரிங் ரெண்டு மாத்தினதும் சத்தமே வேற மாதிரி ஆயிடுச்சு. குழிக்கு நீங்க சொன்னதுதான் சரி, வெளிய வர்ற பக்கத்து டேபிள் பிளேடு உச்சிய விட முடியளவு இறங்கி இருந்துச்சு, நேரான ஸ்கேல் வெச்சு ரெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர்றதுக்கே முழு ஞாயித்துக்கிழமையும் போயிடுச்சு, ஆனா அவசரப்படவே கூடாத வேலை அது.

அப்புறம் 1440 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1440 சுத்து) மோட்டார்ல இருந்த 4 இன்ச் புல்லிய, அதான் பெல்ட் ஓடுற சக்கரத்த, 6 இன்ச் ஆக்கினேன், பிளேடு மாட்டின உருளையான கட்டர்ல பழைய 2 இன்ச் புல்லியே, இப்போ கட்டர் 4300 ஆர்பிஎம் கிட்ட சுத்துது. பெல்ட்டுக்கு மூடியும் போட்டாச்சு. நேத்து தேக்குப் பலகை ஒண்ணு விட்டேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு, அவ்ளோ சந்தோஷம். துரு எடுத்த டேபிளுக்கு மெழுகு தடவுறீங்களா, எண்ணெயா?