சாண்டிநல்லா பீட்: பிளாங்க் 0.3%, மூலக்கூறா மாசா?

சதுப்புமண்: ஊட்டி அருகே சாண்டிநல்லா பீட் (சதுப்பில் மக்கிய தாவரமண்), கார்பன்-14 வயது பார்க்கிறோம். அடி அடுக்கு 40,000 ஆண்டை ஒட்டி வரணும். ஏஎம்எஸ் (கார்பன்-14 அணுக்களை எண்ணும் முடுக்கி நிறைமானி) 500 கிலோவோல்ட், 1+ மின்னூட்ட நிலை, ஆர்கான் ஸ்ட்ரிப்பர் (அயனியின் எலக்ட்ரான்களை உரிக்கும் வாயு). பிளாங்க் (கார்பன்-14 இருக்கவே கூடாத சோதனை மாதிரி) இன்றைய கார்பனில் 0.3% நிக்குது. கார்பன்-14 போலவே நிறை 14 உள்ள மூலக்கூறு அயனிகள் தப்பி வருதா, இல்லை வெளிக் கார்பன் மாசா? 2+க்கு மாத்தினா தீருமா?

கோடநாட்டுக்காரன்: 0.3% சின்ன விஷயம் இல்லை. 40,000 ஆண்டு மாதிரியில் மிஞ்சும் கார்பன்-14 இன்றைய அளவில் 0.7%தான். அதோடு 0.3 சேர்ந்தால் வயது 37,000 என்று வரும்.

நைட்ரஜன்-14 நிலையான எதிர்மின் அயனி ஆகாது, அதனால் அயனி மூலத்திலேயே கழிந்துவிடும். நிறை 14இல் மிச்சம் இருப்பவை ஹைட்ரைடு மூலக்கூறுகள்: கார்பன்-13 உடன் ஒரு ஹைட்ரஜன், கார்பன்-12 உடன் இரண்டு. காந்தத்தால் மட்டும் பிரிக்க முறையே 1800, 1130 அளவுக்குப் பிரிதிறன் வேண்டும், அதை எட்டினால் கற்றை மெலியும். ஆகவே உடைக்கிற வேலை வாயுவுடையது. 3+ வரை எலக்ட்ரான் உரிந்த மூலக்கூறு தானே சிதறும், ஆனால் அதற்கு முடுக்கியில் 2.5 மெகாவோல்ட் வாக்கில் முனைய மின்னழுத்தம் வேண்டும். 1+இல் மூலக்கூறு பிழைத்துவிடும். சதுர செ.மீ.க்கு 2 மைக்ரோகிராம் அளவு ஆர்கான் இருந்தால்தான் மோதி மோதி உடையும்.

2+ வேண்டவே வேண்டாம். லித்தியம்-7 இரண்டு ஒட்டி நிறை 14 ஆக நுழைந்து, உடைந்து 1+ ஆனால், கார்பன்-14 2+ போலவே காந்த, மின்புல வடிகட்டிகளைத் தாண்டும்.

சதுப்புமண்: மூலக்கூறா மாசா என்று எப்படிப் பிரிப்பது சார்?

கோடநாட்டுக்காரன்: எந்த வேதிவேலையும் காணாத சுரங்க கிராஃபைட்டை வைத்து, வாயு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். எண்ணிக்கை மடக்கை அளவில் நேர்கோடாக இறங்கினால் மூலக்கூறு. ஓரிடத்தில் தட்டையாக நின்றால் மிச்சம் மூலக்கூறு இல்லை, அதற்கு மேல் வாயு ஏற்றிப் பயனில்லை: கற்றை சிதறும், வெற்றிடம் கெடும்.

பைக்காராஅக்கா: எனக்கு மாசு என்றே படுது. 1 மில்லிகிராம் கிராஃபைட்டில் 0.3% என்றால் வெறும் 3 மைக்ரோகிராம் புதுக் கார்பன். கால் மில்லிகிராம் பிளாங்க் ஒன்று செய்து பாருங்க. 1.2% வந்தால் தயாரிப்பில் சேர்ந்ததுதான், மூலக்கூறுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சோடியம் ஹைட்ராக்சைடு கழுவல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், கடைசி அமிலக் கழுவலைக் குறைக்காதீங்க. நீலகிரி மேட்டுநிலப் புல்வேர் ரொம்ப ஆழம் போகும், நுண்சல்லடையில் அரிக்காம எடைபோட வேண்டாம். இது பிளாங்க்கில் தெரியாது, மாதிரியில்தான் கடிக்கும். ஊட்டி மழைமூட்டத்தில் கிராஃபைட்டைத் திறந்து வைக்கவும் கூடாது, ஆர்கானில் மூடி அனுப்புங்க. ஈரம் ஏறினால் ஹைட்ரைடும் கூடும்.