நினைவு இல்லம் போனால் அடுக்களை வரை போய் வாருங்கள்

நினைவு இல்லங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றனவே. அவ்வளவு தூரம் பஸ் பிடித்துப் போவது வீட்டைப் பார்க்கத்தான். இதை எனக்கு நன்றாக விளங்கவைத்தவர் கும்பகோணத்தில் பார்த்த ஒரு பாட்டி.

கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது. தெருவில் நின்றாலே கோயில் ராஜகோபுரம் கண்ணை நிறைக்கும். வீடோ சட்டென்று கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது; 2003-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஓட்டுக் கூரை, வாசலில் திண்ணை. உள்ளே ஒரு சிறிய அறை, அதில் தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். கூடத்தில் ராமானுஜனின் மார்பளவுச் சிலை. அதைத் தாண்டினால் அடுக்களை, பின்னால் கிணறு.

நான் போயிருந்தபோது ஒரு குடும்பமும் வந்திருந்தது. அப்பா தன் மகளுக்கு 1729-ஐப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூட்டினாலும் அதுதான், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூட்டினாலும் அதுதான் என்று அந்தப் பெண் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி இதில் எதிலும் நிற்கவில்லை. நேரே அடுக்களைக்குப் போய்விட்டார். மகன் வந்து, "அம்மா, கிளம்பலாமா?" என்றார். பாட்டி திரும்பாமலே, "இருடா. இத்தனூண்டு இடத்துல அந்த அம்மா எத்தனை பேருக்குச் சமைச்சிருப்பா?" என்றார்.

சரியான கேள்வி. ராமானுஜனின் அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். அந்தச் சம்பளம் போதவில்லை. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிச் சம்பாதித்தார். கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடும் போட்டார். அப்படித் தங்கியிருந்த மாணவர்கள் மூலமாகத்தான் பெரிய கணிதப் புத்தகங்கள் சிறுவன் ராமானுஜன் கைக்கு வந்தன. அந்த அடுக்களையில் உலை கொதித்ததற்கும் அந்தப் பிள்ளைக்குத் திரிகோணமிதி கிடைத்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கூடத்தில் நின்று பாருங்கள். பெற்றோர், பிள்ளைகள், வாடகைக்குத் தங்கிய மாணவர்கள் எல்லோரும் எங்கே படுத்திருப்பார்கள்? காகிதம் வாங்கக் கட்டாது என்று பலகையில் எழுதி முழங்கையாலேயே அழித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்குத் திண்ணை ஏன் தேவைப்பட்டது என்பதும் அங்கே நின்றால்தான் புரியும். எந்த வாழ்க்கை வரலாறும் எனக்கு இதை இவ்வளவு பளிச்சென்று சொன்னதில்லை.

தெற்கே எட்டயபுரம். கரிசல் காட்டைக் கடந்து ஊருக்குள் நுழைந்தால் முதலில் எல்லோரும் பாரதி மணிமண்டபத்துக்குத்தான் போவார்கள். கல்கி முன்னின்று நிதி திரட்டியது, 1947-ல் ராஜாஜி திறந்துவைத்தது. கம்பீரமான கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் பிறந்த வீடு ஊருக்குள்ளே இருக்கிறது. வழி கேட்டபோது தெருவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "மண்டபத்த மட்டும் பாத்துட்டுப் போயிராதீக அண்ணாச்சி, வீட்டுல கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்று சொல்லிக் கூடவே வந்து காட்டினார்.

உட்கார்ந்தேன். முறுக்கு மீசை, முண்டாசு, கறுப்புக் கோட்டு என்று நாம் அறிந்த பாரதிதான் அங்கேயும் படங்களில் இருக்கிறார். அந்த வீட்டுக்கு உரியவரோ அவரல்ல, சுப்பையா என்ற சிறுவன். 1882 டிசம்பர் 11 அன்று பிறந்தவன். ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தவன். தந்தை சின்னசாமி ஐயர் பஞ்சாலைத் தொழிலில் இறங்கி நொடித்துப்போனார், 1898-ல் காலமானார். பையன் காசிக்கு, அத்தை வீட்டுக்குப் போனான். எனக்கு அங்கே தாயில்லாப் பிள்ளையின் நினைப்புதான் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் இந்தச் சுப்பையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வயதுப் பிள்ளை அவன்.

விருதுநகரில் காமராஜர் இல்லம் ஒரு குறுகலான தெருவில். 1954-ல் மகன் முதலமைச்சர் ஆனபிறகும் சிவகாமி அம்மாள் இந்த வீட்டில்தான் இருந்தார். நகராட்சி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொடுத்த குடிநீர்க் குழாயை மகன் வந்து எடுக்கச் சொன்ன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேடையில் நூறு முறை கேட்ட கதை. அந்தத் தெருவில் நின்று, ஒரு வயதான அம்மா குடத்தோடு நடப்பதை எண்ணிப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஓர் இல்லத்தில் பழைய தரைமேல் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். சுவர் முழுக்க ஃபிளெக்ஸ். அந்த மனிதர் வெறுங்காலோடு நடந்த தரை போய்விட்டது. ஃபிளெக்ஸை நாளைக்கே கழற்றலாம், தரையை என்ன செய்வது?

அதைவிடப் பெரிய இழப்பு திருவல்லிக்கேணியில். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக வாழ்ந்து 1921 செப்டம்பரில் மறைந்த வீடு நல்லபடியாக நினைவில்லமாக இருக்கிறது. அதே திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமக்கு வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் பெயரைத் தம் வீட்டுக்கு வைத்திருந்தார் ஐயர். எத்தனையோ ஏடுகள் அங்கே அச்சுக்குத் தயாராயின. போர்ப் பயத்தில் சென்னை காலியானபோது திருக்கழுக்குன்றத்துக்குப் போனவர் 1942-ல் அங்கேயே காலமானார். வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது, அவசியம் போங்கள். ஆனாலும் அவர் ஏட்டைப் பிரித்து உட்கார்ந்த இடத்தை இனி யாருக்கும் காட்ட முடியாது. தமிழ்நாட்டில் காப்பாற்றியே தீர வேண்டிய வீடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: அரசு நினைவில்லங்கள் திறக்கும் நேரத்தை உள்ளூரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூட்டிப்போங்கள். உறி, அம்மி, குதிர் எல்லாம் எதற்கு, எங்கே இருந்திருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள்.

தியாகராச விலாசத்துக்குள் போய்வந்தவர் யாராவது இங்கே இருந்தால், ஐயர் எந்த அறையில் எழுதினார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், ஏடுகளை எங்கே வைத்திருந்தார் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். பழைய படம் இருந்தாலும் போடுங்கள்.