திறந்த அறிவியல்: பல்கலைக்கழகம் முதலில் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

யஷ்வந்த்பூர் நூலகர்
எங்கள் பல்கலைக்கழகத்தில் திறந்த அறிவியலுக்கு, அதாவது ஆய்வுக் கட்டுரைகளையும் தரவையும் எல்லாரும் இலவசமாகப் பார்க்க வைக்கும் முறைக்கு, மாறும் திட்டம் என்று ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல், அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக ஒன்றிய அரசே ஆய்விதழ்ச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் பற்றித்தான். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம். ஆனால் அது நாம் படிப்பதற்குக் கட்டும் பணம். நாம் எழுதியதை மற்றவர்கள் படிக்க என்ன ஏற்பாடு? நம் கட்டுரைகளைச் சேர்த்து இணையத்தில் இலவசமாகத் தரும் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்கூட வரைவில் இல்லை.

ஜாலஹள்ளி ஆய்வு மாணவன்
மேடம், படிக்க வழியில்லாத கல்லூரிகளை மறந்துவிடாதீர்கள். நான் முதுகலை படித்தது தருமபுரிப் பக்கம். ஒரு கட்டுரை வேண்டுமென்றால் பெங்களூரில் இருந்த அக்காவின் தோழிக்கு எழுதிவிட்டு இரண்டு நாள் காத்திருப்பேன். இன்று அந்த மாதிரி அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசினால் மனசு கேட்கவில்லை. அப்புறம், நாம் எழுதியதை எல்லாரும் படிக்க, இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் திறந்த இதழில் போடலாம் என்றால் அதற்கு எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய இதழ்கள் சிலவற்றில் ஒரு கட்டுரைக்கே 5 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். என் உதவித்தொகை மாதம் 37,000.

யஷ்வந்த்பூர் நூலகர்
தம்பி, கட்டணம் கட்டவே வேண்டாம். இதழ் ஏற்றுக்கொண்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் ஏற்றினால் போதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.சி.) 2002லேயே இ-பிரின்ட்ஸ் என்ற களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் (டி.பி.டி.) அறிவியல் தொழில்நுட்பத் துறையும் (டி.எஸ்.டி.) தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுக்கு 2014லேயே இதைக் கேட்டன. விதி இருக்கிறது, கை இல்லை. எங்கள் நூலகத்தில் கட்டுரையை ஏற்றுவது, பதிப்பகத்தின் நிபந்தனையைப் பார்ப்பது, எப்போது வெளியிடலாம் என்று குறித்துவைப்பது எல்லாம் ஒரே ஆள். சந்தாக் கணக்கும் அவர் தலையில்தான்.

கெங்கேரி பேராசிரியர்
ஆள் போட்டாலும் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதழின் பெயரையும், அதன் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரையும்தான் பார்த்தோம். தரவை ஒழுங்காக்கிப் பகிர்ந்தவருக்கு அரை மதிப்பெண்கூடத் தரவில்லை. அது தவறு என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜாலஹள்ளி ஆய்வு மாணவன்
தரவு என்றதும் இன்னொன்று. ‘எல்லாத் தரவும் 6 மாதத்தில் பொதுவில்’ என்று வரைவில் இருக்கிறதாமே? நான் ராமநகரா பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் சர்க்கரை நோயாளிகளிடம் தகவல் எடுத்தேன். பெயரை நீக்கினாலும் வயது, தொழில், எத்தனை பிள்ளைகள் என்று பார்த்தாலே பக்கத்து வீட்டுக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். எங்களை நம்பித்தான் அவர்கள் பேசினார்கள்.

யஷ்வந்த்பூர் நூலகர்
சரி, அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதுகிறேன். நோயாளிகளின் தரவை யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று பார்த்துத் தரும் குழு வேண்டும். கைப்பிரதி விஷயத்தில் மட்டும் நான் விடமாட்டேன். களஞ்சியத்துக்கு இரண்டு முழுநேர ஆட்கள் கேட்டு மனு எழுதுகிறேன், கையெழுத்துப் போடுவீர்களா?

ஜாலஹள்ளி ஆய்வு மாணவன்
போடுகிறேன் மேடம். ஆனால் சந்தாவைக் குறைத்து அந்தப் பணத்தை எடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தாலும் போடமாட்டேன்.