காது கேளாத குட்டி, கைவிடப்பட்ட ஒப்பந்தம்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் 22,000 ரூபாய்க்கு ராஜபாளையம் இனப் பெண்குட்டி ஒன்றை வாங்கினோம். 30 நாட்களுக்குள் பிறவிக் குறை தெரியவந்தால் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாக முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்.

நான்காம் நாளே சந்தேகம் வந்தது. பக்கத்தில் குக்கர் விசில் அடித்தும் குட்டி அசையாமல் தூங்கினாள்; தரையைத் தட்டினால்தான் விழித்தாள். இரண்டு காதும் கேட்கவில்லை என்று பதினோராம் நாள் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வெள்ளை நிற நாய்களிடம் இந்தக் குறை அதிகம் காணப்படுவதுதான். இத்தனை ஆண்டுகளாக இந்த இனத்தையே விற்பவருக்கு அது தெரியாதா?

கேட்டால், "குட்டியைத் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறேன்" என்கிறார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. கையசைவைப் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்ட பிள்ளையை எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் அவள் கதி என்ன?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை என்பது வரை தெரியும். மருத்துவரின் கடிதம் மட்டும் போதுமா, கருவி வைத்துச் செய்யும் செவித்திறன் சோதனை வேண்டுமா? அது தமிழ்நாட்டில் நாய்களுக்கு எங்கே செய்யப்படுகிறது? நாய் வளர்த்து விற்பவர்களுக்கான 2017 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்யவில்லை என்றால், அதையும் புகாரில் சேர்க்கலாமா? வழக்கறிஞர் இல்லாமல் இப்படி வாதாடியவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். விற்றவருக்கு அறிவிப்புக் கடிதத்தை இந்த வாரமே அனுப்ப வேண்டும்.