செக்குக் கடலையில் பூஞ்சை: கையாண்டவர்கள் எழுதுங்கள்

செக்கடி
கடலை ஒரு பிடி அள்ளி மென்றால் நடுவில் ஒன்று நாக்கைச் சுருட்டுகிறதா? அந்த மூட்டையைப் பிரித்து ஆய்ந்து பார்க்காமல் செக்கில் போடாதீர்கள். “சூடு பட்டால் எல்லாம் செத்துப்போகும்” என்பது ஆலைப் பக்கம் தினமும் காதில் விழும் பேச்சு. சூட்டில் சாவது பூஞ்சைதான். அது பருப்பில் விட்டுப்போன அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது. அவிப்பதை நம்பவே வேண்டாம்.

இன்னொரு குழப்பம் கசப்பு. அந்தக் கசப்பு கெட்டுப்போன பருப்பினுடையது. நஞ்சுக்கென்று தனி ருசியோ வாடையோ கிடையாது. கசந்தால் துப்பிவிடலாம், சரி. கசக்கவில்லை என்பதற்காக நல்ல கடலை என்று எழுதிக் கொடுக்க முடியாது.

ரீஃபைண்ட் ஆலையில் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவும்போது நஞ்சு பெரும்பாலும் வெளியேறிவிடும். நம் செக்கெண்ணெய்க்கு அந்தப் படியே இல்லை. நல்லவேளையாக நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கோடு போய்விடுகிறது. எண்ணெயில் மிஞ்சுவது கசடோடு கூடுதலாகக் கிடக்கும். ஆகவே ரெண்டு மூன்று நாள் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேலாக இறுத்து வடிகட்டுங்கள். ஆனால் கடலையே கெட்டிருந்தால் இது போதாது.

களத்துமேடு
அண்ணே, செக்குக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே கதை முடிந்துவிடுகிறது. மல்லாட்டை, அதான் நிலக்கடலை, மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சை ஏறும். காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரம் மழையும் இல்லை, பாசனமும் இல்லை என்றால் அந்த வயல் சந்தேகத்துக்குரியது. அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் பாதிப்பு நன்றாகவே குறையும். களைவெட்டில் காயம்பட்ட காய், கறையான் அரித்த காய், முதிர்ந்த பிறகும் பிடுங்காமல் விட்ட காய் மூன்றையும் தனியாகவே வையுங்கள்.

பிடுங்கியபோது காயில் பாதிக்குக் கிட்ட ஈரம் இருக்கும். செடியைக் கவிழ்த்துப் போட வேண்டும், காய் மேலே வெயில் பார்க்க, இலை மண்ணில். ரெண்டு மூன்று நாள் கழித்து ஆய்ந்து, தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் காய வையுங்கள். பச்சைக் காயைக் குவித்துவைத்தால் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். பூஞ்சைக்கு வேண்டியது அந்தச் சூடும் ஈரமும்தான். காயில் ஈரம் 8 சதவீதத்துக்குள் வர வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் ஆட்டிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வர வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, உடைக்கும்போது கோட்டை விடுவார்கள். பருப்பு நொறுங்காமல் இருக்க மெஷினில் போடுமுன் தண்ணீர் தெளிப்பது ஊர்ப்பழக்கம், எடையும் கூடுகிறதல்லவா. அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி நாலு நாள் வைத்தால் வெயிலில் காய வைத்த உழைப்பெல்லாம் வீண்.

ஆய்வகக்காரன்
மேலே எழுதியவர் சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். “ஒரு கால் கிலோ கொண்டுவந்து டெஸ்ட் பண்ணினோம், சுத்தம்” என்று ரிப்போர்ட் காட்டுவார்கள். அது பெரும்பாலும் ஏமாற்றம். ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்று ரெண்டுதான் நஞ்சு நிரம்பியிருக்கும். அந்த ஒன்று கால் கிலோவில் மாட்டாவிட்டால் சுத்தம், மாட்டினால் பயங்கரம். ஐரோப்பிய விதிப்படி பெரிய லாட் என்றால் பல இடத்தில் குத்தி எடுத்து 20 கிலோ வரை சேர்த்து, அரைத்து, அதிலிருந்துதான் பார்க்கிறார்கள். நம் நாட்டு வரம்பு: மேலும் பக்குவம் செய்யப் போகும் கடலைக்கு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அப்படியே தின்பதற்கு 10.

கல்லீரல் விஷயத்துக்கு வருவோம். இந்த நஞ்சு கல்லீரலில் மாறி டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது, கல்லீரல் புற்றுக்கு வழி அதுதான். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று உடலில் தங்கிவிட்டவர்களுக்கு அதே அளவு நஞ்சு சுமார் 30 மடங்கு வீரியமாகக் கேடு செய்யும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு போட்ட கணக்கு. அதனால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியும், பிறகு 6, 10, 14 வாரத்தில் போடும், அதே தடுப்பு அடங்கிய ஐந்து நோய்க் கூட்டு ஊசியான பென்டாவும் இந்தக் கடலைப் பேச்சோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. சீனாவில் சிடோங் வட்டாரத்தில் 1980களில் இதே நஞ்சு ஏறிய மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். தடுப்பூசி வருவதற்கு முன் பிறந்தவர்களிடமே கல்லீரல் புற்று குறைந்தது.

இதைப் படித்துவிட்டு “கடலை தின்றால் கேன்சர்” என்று வாட்ஸ்ஆப்பில் ஓடவிடாதீர்கள். கடலை நல்ல உணவு. பூசணம் பிடித்த கடலைதான் வம்பு. அதைப் பார்த்துப் பயந்து கடலையை ஒதுக்கிவிட்டு, கல்லீரலை மதுவில் ஊறவைப்பவர்களை என்ன சொல்வது!

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு வாங்குங்கள். தட்டில் கொட்டி சூம்பல், உடைசல், கறுத்தது, பச்சை பூத்தது, தோல் மங்கியது எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நஞ்சில் பெரும்பகுதி இவற்றில்தான் ஒளிந்திருக்கும். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில், முடிந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். பொடித்த கடலையும் சட்னிக்கென்று மலிவாகக் கிடைக்கும் நொறுங்கலும் பார்த்து வாங்க வேண்டியவை, பொறுக்க வழியில்லாததால்.

மாட்டுப்பட்டி
புண்ணாக்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. பசு தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஒன்று ரெண்டு பங்கு, நல்ல கறவை என்றால் அதற்கும் மேல், எம்1 என்ற உருமாற்றத்தில் பாலில் இறங்கும். தின்ற மறுநாளே பாலில் தெரியும். கெட்ட புண்ணாக்கை நிறுத்தினால் நாலைந்து நாளில் அடங்கும். பாலுக்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் பெரிதாகக் குறையாது. ஈரக் கொட்டகையில் தரையோடு சேர்த்து அடுக்கிய புண்ணாக்கு மூட்டை முதல் மழையிலேயே வெண்பூச்சு பூத்துவிடும். பலகை போட்டு, சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

செக்கடி
சரி, பொறுக்கிய சொத்தையை என்ன செய்வது? வேலைக்காரர்கள் கோழிக்கு என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

மாட்டுப்பட்டி
வேண்டவே வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழி செத்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்றுதான். இந்த நஞ்சையே அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். வாத்துக்குஞ்சு அதைவிடச் சீக்கிரம் விழும். குழி வெட்டிப் புதையுங்கள், கடலை போடாத நிலமாகப் பார்த்து.