ஒரு கார்டு, மூன்று மானிட்டர்: ஒன்றில் மட்டும்தான் படம் வருகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, இரண்டு நாளாக மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டேன், பின்பக்கம் 3 டிஸ்ப்ளேபோர்ட்டும் 1 எச்டிஎம்ஐயும் இருக்கின்றன. மானிட்டர் மூன்றும் 1920x1080, 60 ஹெர்ட்ஸ். ஒன்றில் எச்டிஎம்ஐ மட்டும், அடுத்ததில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும், மூன்றாவது பழசு, டிவிஐயும் விஜிஏவும்தான். முதலாவது கார்டின் எச்டிஎம்ஐயில் நன்றாக ஓடுகிறது. கையில் எச்டிஎம்ஐ கேபிள்தான் இருந்தது என்பதால் இரண்டாவதை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினேன், கார்டு போடுவதற்கு முன்பு அதே இடத்தில் படம் வந்துகொண்டிருந்தது, இப்போது 'நோ சிக்னல்'. சரி என்று ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கிப் போட்டால் இரண்டிலும் ஒரே படம். எனக்குத் தனித்தனியாக வேண்டும். கார்டில் ஏதாவது கோளாறா?

பதில் 1:
கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். மதர்போர்டின் எச்டிஎம்ஐக்குப் படம் தருவது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ். தனிக் கார்டு ஒன்று வந்துவிட்டால் பல மதர்போர்டுகள் அதைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 'ஐஜிபியூ மல்டி மானிட்டர்' என்றோ அதை ஒட்டிய பெயரிலோ ஒன்று இருக்கும், அதை இயக்கினால் திரும்ப வரும். ஆனால் உங்களுக்கு அது எதற்கு? கார்டிலேயே மூன்று டிஸ்ப்ளேபோர்ட் சும்மா கிடக்கின்றன.

ஸ்ப்ளிட்டரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். ஒரு எச்டிஎம்ஐ வழியாக ஒரு படம்தான் போகும், அதை இரண்டாக நகலெடுப்பதுதான் அதன் வேலை. இரண்டாவது மானிட்டருக்குச் சாதாரண டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போதும். பழசுக்கு, டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவிஐக்கு மாற்றும் பாசிவ் அடாப்டர், அதாவது சிக்னலின் வகையை மாற்றாமல் கடத்துவது, போதும். பெரும்பாலான கார்டுகளின் டிஸ்ப்ளேபோர்ட், தேவைப்பட்டால் டிவிஐ சிக்னலையே நேரடியாக அனுப்பும், அதனால் 1920x1200 வரை பிரச்சினை இராது. விஜிஏ பக்கம் மட்டும் போகாதீர்கள், டிஜிட்டலை அனலாக் ஆக்கித் திரும்பப் படமாக்குவதற்குள் எழுத்தின் ஓரமெல்லாம் மங்கிவிடும், நாள் முழுக்கப் படிக்கிற கண்ணுக்கு அது ஆகாது.

பதில் 2:
கேபிள் வாங்கும்போது திசையைக் கவனியுங்கள், நான் இதில் ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தேன். ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்று ஒரு கேபிள் என்னிடம் இருந்தது, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குக் கொடுத்தேன், எத்தனை முறை கழற்றி மாட்டியும் கருப்புதான். அந்த மாதிரிக் கேபிள் டிஸ்ப்ளேபோர்ட் பக்கமிருந்துதான் படம் அனுப்பும். எதிர்த்திசைக்கு ஆக்டிவ் கன்வெர்ட்டர், அதாவது சிக்னலையே வேறு வகையாக மாற்றித் தருவது, வேண்டும், பெரும்பாலும் யூஎஸ்பியிலிருந்து அதற்குத் தனியாக மின்சாரமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், பல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களின் தலைமேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், உள்ளே இரண்டு கொக்கிகள் பிடித்திருக்கும். அதை அழுத்தாமல் இழுத்தால் போர்ட்டே ஆடிப்போகும். கழற்றும்போது கை தடவிப் பார்த்து அழுத்திவிட்டு இழுங்கள்.

பதில் 3:
பழைய கார்டு வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-இல் வந்த ரேடியான் எச்டி 5000 வரிசையில் டிவிஐ, எச்டிஎம்ஐ இரண்டுக்குமாகச் சேர்த்து இரண்டு மானிட்டர்தான் ஓடும், மூன்றாவது டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் போக வேண்டும், அதில் பாசிவ் அடாப்டர் மாட்டினாலும் படம் வராது, ஆக்டிவ் அடாப்டர்தான் உதவும். ஆகவே போர்ட்டை எண்ணிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை மானிட்டர் ஓடும் என்று கார்டின் விவரக்குறிப்பில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூன்றும் வந்துவிட்டன, மிக்க நன்றி! டிவிஐ அடாப்டர் மாட்டியதும் பழசும் உயிர்பெற்றது. முதலில் மூன்றிலும் ஒரே படம்தான், விண்டோஸ் கீயோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்ததும் பிரிந்தன. ஆனால் மவுஸை இடப்பக்கம் தள்ளினால் வலது மானிட்டரில் போய் நிற்கிறது, இதற்கு என்ன செய்ய?

பதில் 1:
டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2, 3 என்று மூன்று கட்டங்கள் தெரியும். 'ஐடென்டிஃபை' அழுத்தினால் எந்த மானிட்டர் எந்த எண் என்று திரையிலேயே காட்டும், மேஜையில் இருக்கிற வரிசைப்படி கட்டங்களை இழுத்து வைத்து 'அப்ளை' கொடுங்கள்.