புதுப்பிப்பு: ஏற்காட்டில் பிள்ளைகளின் பறவை நடைக்கு அனுமதி

எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்காடு காட்டுக்குள் பறவை பார்க்க அழைத்துப் போகவும், பிறகு ஏரிக்கரை அண்ணா பூங்காவில் ஓவியப் போட்டி வைக்கவும் யாரிடம் அனுமதி கேட்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் தெளிவானது, இடம் யாருடையது என்பதுதான். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலர். அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறை. ஒரே மலைதான், மனு இரண்டு.

வன அலுவலகத்தில் தபால் வாங்கிய அம்மா மனுவைப் புரட்டிப் பார்த்து, "பேர் பட்டியல் எங்கே, எந்தப் பாதை, கூட வர்ற பெரியவங்க யாரு?" என்று கேட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன். நகலில் முத்திரை வாங்காமல் கிளம்பாதீர்கள்; அடுத்த முறை போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

காட்டுக்கு இப்போதைக்கு இல்லை என்றுவிட்டார்கள். காட்டுத்தீ காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு இதில் வாதாட எனக்கும் மனசில்லை. பதிலாக, அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவைச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே தோது.

ஓவியப் போட்டிக்குத் தோட்டக்கலைத் துறையில் சரி சொல்லிவிட்டார்கள், மைக் மட்டும் கூடாது. மைக் வேண்டுமென்றால் காவல் நிலையத்துக்குத் தனி மனு. ஓவியம் வரைய எதற்கு மைக் என்று விட்டுவிட்டோம்.

மனு மாதிரி வேண்டுவோர் கீழே கேளுங்கள், போடுகிறேன்.